பிரசவத்தின் பின்னரான மலச்சிக்கல்: உடலும் உழைப்பும் பற்றிய சில அவதானிப்புகள்

1

பிரசவம் பற்றியும் தாய்மை பற்றியும் எழுதப்பட்டவை தமிழிற் குறைவல்ல. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை குழந்தை பிறந்த கணத்துடன் தாயை விட்டுக் குழந்தையிடம் சென்றுவிடுகின்றன. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை எடுத்துக்கொண்டால், காப்பு முதலாக வரும் அதன் பத்துப் பருவங்கள் குழந்தையின் மூன்றாம் மாதமளவிலேயே தொடங்குகின்றன. பெற்றவளின் உடல் புண்ணாறிக்கொண்டிருக்கும் முதல் வாரங்களுக்கு அங்கு இடமில்லை. இலக்கியம் பேசாது விட்ட இக்காலப் பகுதியை வழக்காறுகளே ஆண்டு வந்துள்ளன. துடக்கு, பத்தியம், சரக்கரைத்த கறி, முப்பத்தோராம் நாட் கழிவு என்பன வெறும் சடங்குகளல்ல. தாயின் உணவையும் நீரையும் நடமாட்டத்தையும் ஒழுங்குசெய்யும் விதிகள் அவை.

இவ்விதிகளுக்குள் வாழும் பெண்களுட் பலர் அனுபவிக்கும், ஆனால் அரிதாகவே வாய்விட்டுக் கூறும் ஒரு துன்பம் பிரசவத்தின் பின்னரான மலச்சிக்கலாகும். இது சிறிய விடயமெனக் கொள்ளப்படுகின்றது. ஆனால் மலங்கழிக்க அஞ்சும் தாய் உணவையும் நீரையும் தானாகவே குறைத்துக்கொள்கிறாள். முக்குவதனால் மூலம் பெருக்கின்றது. தையலிட்ட காயத்தின் வலி மிகுகின்றது. இடுப்புத்தளத் தசைகள் மேலும் நலிவடைகின்றன. ஆகவே இதனைச் சிறிய விடயமென ஒதுக்குதல் பொருந்தாது. இந்நிலை ஒரு பெண்ணின் கவனக்குறைவினால் மட்டும் விளைவதன்று. உடலியற் காரணிகளும் சமூகக் காரணிகளும் ஒன்றையொன்று பற்றிநின்று இதனைத் தோற்றுவிக்கின்றன. எனவே இதனைத் தீர்க்கும் பொறுப்பும் தாயொருத்தியின் மீது மட்டும் சுமத்தப்படத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படுவது.

2

முதலில் உடலில் நிகழ்வதை நோக்குவோம். கர்ப்பகாலத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் குடலின் தசைகளைத் தளர்த்தி அதன் அசைவை மந்தமாக்குகின்றது. பிரசவத்தின் பின் அதன் அளவு விரைவாகக் குறைந்தாலும், குடல் தன் பழைய இயக்கத்துக்குத் திரும்பச் சில நாட்கள் செல்லும். பிரசவ வேதனையின்போது உணவு குறைதல், வியர்வையாலும் குருதியிழப்பாலும் உடல்நீர் குறைதல், பின்னர் படுக்கையிற் கிடத்தல் என்பனவும் இதனுடன் சேர்கின்றன. ஆகையால் முதல் இரண்டு மூன்று நாட்கள் மலங்கழியாதிருத்தல் பொதுவாக அச்சத்துக்குரியதன்று. சிசேரியன் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவருக்கு இது மேலுஞ் சிறிது தாமதமாகலாம். காற்றுப் பிரிதல் குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியமைக்கு அறிகுறியாகும்.

மருந்துகளுக்கும் இதிற் பங்குண்டு. கொடெயின், ட்ரமடோல், பெதிடின் முதலிய அபினி வகை வலிநீக்கிகள் குடலசைவை ஒடுக்குவன. சோகைக்காக வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையும், கல்சியம் மாத்திரையும் மலத்தை இறுகச்செய்யலாம்.

இவற்றுக்கு மேலாக அச்சம் என்னும் காரணி உள்ளது. யோனிவாயில் கிழிந்தோ வெட்டப்பட்டோ தையலிடப்பட்ட பெண், முக்கினால் தையல் பிரிந்துவிடுமென அஞ்சி உந்துதலை அடக்குகிறாள். அடக்கப்பட்ட மலத்திலிருந்து குடல் மேலும் நீரை உறிஞ்சுகின்றது. மலம் இறுகுகின்றது, இறுகிய மலம் வலியைத் தருகின்றது, வலி அச்சத்தை உறுதிப்படுத்துகின்றது. இவ்விடத்தில் உளநிலை உடல்நிலையாக மாறுவதை நாம் தெளிவாகக் காணலாம். உண்மையில், முறையாக இடப்பட்ட தையல் மலங்கழிப்பதனாற் பிரிந்துவிடுதல் அரிது. இதனை வைத்தியசாலையிலேயே தாய்க்கு விளக்கிக் கூறினால் இச்சுழற்சி தொடக்கத்திலேயே அறுபடும்.

பாலூட்டலையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். முதல் ஆறு மாதங்களில் தாயொருத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் பாலைச் சுரக்கிறாள். அப்பாலில் நூற்றுக்கு 87 வீதம் நீராகும். இந்நீர் அவளது உடலிலிருந்தே செல்கின்றது. அது ஈடுசெய்யப்படாதவிடத்து, உடல் தனக்குத் தேவையான நீரைக் குடலிலிருந்து கூடுதலாக மீட்டுக்கொள்கின்றது.

3

இவ்வுடலியல் உண்மையின் ஒளியிற் பத்தியத்தை நோக்குதல் பயனுடையது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் மல்லி, மிளகு, மஞ்சள், சீரகம், வேர்க்கொம்பு, உள்ளி முதலியன சேர்ந்த சரக்கு தாயின் உணவின் மையமாக அமைகின்றது. அதனுடன் பல வீடுகளில் விலக்குகளும் வருகின்றன. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்பர். பழமும் கீரையும் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பர்.

மரபு என்பதனால் முற்றாக ஏற்பதும், பழமை என்பதனால் முற்றாக நிராகரிப்பதும் ஆய்வுமுறையாகா. பத்தியத்தின் உட்கூறுகளைப் பிரித்து நோக்கின், அதன் அடிப்படையில் ஓர் உயரிய சமூக ஏற்பாடு இருப்பதை உணரலாம். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண், அந்த ஒரு மாதத்தில் மட்டும் தனக்கெனச் சமைக்கப்பட்டதைச் சூட்டோடு உண்கிறாள். வீட்டு வேலையிலிருந்து விடுபடுகிறாள். தாயோ பெரியதாயோ மாமியோ தமது உழைப்பை அவளுக்கு ஈகின்றனர். நீர் பற்றிய எச்சரிக்கையும், கொதிக்கவைக்காத கிணற்றுநீர் நோயைக் கொணர்ந்த காலத்தில் ஒரு தற்காப்பாக இருந்திருக்கலாம்.

ஆயின் விதிகள் மாறாதிருக்க, அவை தோன்றிய வாழ்நிலை மாறிவிட்டது. கைக்குத்தரிசிச் சோறும் குரக்கனும் ஒடியலும் அன்றாட உணவாயிருந்த காலத்தில், மரக்கறியும் பழமும் விலக்கப்பட்டபோதும் தானியத்தின் வழியாகவேனும் நார்ப்பொருள் வயிற்றைச் சென்றடைந்தது. ஆலையில் தீட்டிய வெள்ளையரிசியும் பாணும் கோதுமை மாவும் இன்று அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. அதே விலக்கு இவ்வுணவின்மீது சுமத்தப்படும்போது, நார்ப்பொருள் ஏறத்தாழ முற்றாகவே அற்றுப்போகின்றது. விதி ஒன்றே, விளைவு வேறு. காப்பதற்காகத் தோன்றிய வழக்காறு, அடித்தளம் மாறியபின் துன்புறுத்துவதாக மாறுவதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இன்னுமொன்று. 1983இன் பின்னரான இடப்பெயர்வும் புலப்பெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்துள்ளன. சரக்கரைக்கும் கைகள் பல வீடுகளில் இன்றில்லை. பத்தியத்தின் ஓய்வு போய், அதன் விலக்குகள் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகளையும் நாம் காண்கிறோம்.

4

மலையகத் தோட்டங்களில் இப்பிரச்சினை வேறொரு வடிவங்கொள்கின்றது. கொழுந்து பறிக்கும் மலைச்சரிவில் மலசலகூடம் இருப்பதரிது. லயங்களிலும் பல குடும்பங்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் நிலை முற்றாக நீங்கிவிடவில்லை. இவ்வாறான இடத்திற் பெண் தன் உந்துதலை அடக்கப் பழகுகிறாள். அடக்கவேண்டி வருமென்பதனால் நீரையும் குறைத்துக்கொள்கிறாள். கோதுமை மா ரொட்டியும் தேநீரும் அவளது காலையுணவாகின்றன. இங்கு மலச்சிக்கலுக்குக் காரணம் அறியாமையென்று கூறுவது, வேலையிடத்தின் அமைப்பை மறைத்துத் தொழிலாளியைக் குற்றஞ்சாட்டுவதாகும்.

சட்டம் இவ்விடயத்தை முற்றாக மறந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதன்பின், எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் விடுமுறை உரியதாயிற்று. அதற்கு முன்னர் மூன்றாம் குழந்தை முதல் 42 நாட்களே கிடைத்தன. ஆறு வாரங்களுக்கும் பன்னிரண்டு வாரங்களுக்கும் உள்ள வேறுபாடு புண்ணாறும் உடலுக்குப் பெரிது. எனினும் அன்றாடக் கூலிக்கு உழைப்பவளுக்கும் வீட்டுவேலை செய்பவளுக்கும் இவ்வுரிமை நடைமுறையில் எட்டாததாகவே உள்ளது.

5

இனி, செய்யத்தக்கவற்றை நோக்குவோம்.

முதலாவது நீர். பாலூட்டும் பெண்ணுக்கு உணவிலுள்ள நீர் உட்பட நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.7 லீற்றர் நீர் தேவையென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2010இல் வரையறுத்தது. நம் வெப்பநிலையில் இது குறையமுடியாது. கொதித்தாறிய நீர், மல்லித்தண்ணீர், கஞ்சி, சொதி யாவும் இக்கணக்கில் அடங்கும். பாலூட்ட அமரும் ஒவ்வொரு வேளையும் ஒரு குவளை நீர் அருந்துவது எளிய வழி. சுடுநீரை விரும்பும் முதியவருடன் இதற்காகப் பிணங்கவேண்டியதில்லை. வேண்டியது அளவேயன்றிக் குளிர்ச்சியன்று.

இரண்டாவது நார்ப்பொருள். வளர்ந்தோர் நாளொன்றுக்கு 25 கிராமேனும் உட்கொள்ளவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. அதே நிறையுடைய கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 5 கிராமும், அவித்த பயற்றிலோ கடலையிலோ 7 கிராமுக்கு மேலும் உண்டு. விலையுயர்ந்த பழங்கள் தேவையில்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, வாழைப்பொத்தி, பப்பாசிப்பழம், தவிடு நீங்காத சிவப்பரிசிமாப் பிட்டு, குரக்கன் என்பன போதுமானவை. சரக்கரைத்த கறியை விலக்கவேண்டியதில்லை. அதனருகே கீரையையும் பயற்றையும் வைத்தாற் போதும். தாய் உண்ட கீரையினால் பிள்ளைக்குச் சளி பிடிப்பதில்லை. நீரின்றி நார்ப்பொருளை மட்டும் திடீரெனக் கூட்டினால் வயிறு மேலும் இறுகும். ஆகவே இரண்டும் சேர்ந்தே கூடவேண்டும்.

மூன்றாவது நேரமும் இருக்கை முறையும். உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் தானே அசைவது உடலின் இயல்பு. காலையுணவின் பின் இது சிறப்பாக நிகழும். அந்த வேளையில் யாரேனும் பிள்ளையைப் பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். உந்துதல் வந்தவுடன் செல்லுதல் நன்று. குந்தியிருத்தல் மலக்குடலின் வளைவை நேராக்குவது; தையலின் வலியாற் குந்தமுடியாதவர், இருக்கை வகை மலசலகூடத்திற் சிறு பலகையொன்றில் கால்களை உயர்த்தி வைத்துச் சற்று முன்சாய்ந்திருக்கலாம். மூச்சை அடக்கி முக்காது, வாய்வழியே மெல்ல மூச்சு விடுதல் வேண்டும். தூய துணியொன்றைத் தையலின்மேல் மெதுவாக அழுத்திப் பிடித்தால் வலியும் அச்சமும் குறையும். சிசேரியன் காயமுடையவர் வயிற்றின்மேல் தலையணையை அணைத்துக்கொள்ளலாம்.

நான்காவது நடமாட்டம். வைத்தியர் அனுமதித்ததும் அறைக்குள்ளும் முற்றத்திலும் சிறிது சிறிதாக நடத்தல் குடலை இயக்கும். துடக்கென்று ஒரு மூலையில் கிடத்துதல் ஓய்வாகாது.

6

இவற்றாற் பயன் கிட்டாதவிடத்து மருந்தை நாடுவதில் இழுக்கில்லை. லக்ரியுலோஸ் குருதியிற் சேர்வது மிகச்சொற்பமாகையால் பாலூட்டுவோருக்கும் வழங்கப்படுகின்றது. இசப்கோல் உமியை நிறைந்த நீருடனேயே உட்கொள்ளல் வேண்டும். ஆசனவாய்த் தசைவரை கிழிந்து தைக்கப்பட்டவர்களுக்கு மலமிளக்கியை வைத்தியர்களே தொடக்கத்தில் விதிக்கின்றனர். அவர்கள் தாமாக இசப்கோலைச் சேர்த்துக்கொள்ளலாகாது. ஆமணக்கெண்ணெய் முதலிய கடும்பேதிகளைப் பாலூட்டும் காலத்தில் வைத்திய ஆலோசனையின்றிக் கொடுத்தல் தகாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுதலும் தவறு. பிரசவத்திற் குருதி இழந்தவளுக்குச் சோகை மலச்சிக்கலினும் கொடிது. மாத்திரையின் வகையையோ வேளையையோ மாற்றுவது பற்றிக் குடும்பநல மாதுவிடம் கேட்கலாம்.

வயிறு உப்பி, காற்றும் பிரியாது, வாந்தியும் உண்டாயின் உடனடியாக வைத்தியசாலை செல்லவேண்டும். காய்ச்சல், தையலில் சீழ், மிகுந்த குருதிப்போக்கு, மலத்தையோ காற்றையோ அடக்கமுடியாமை என்பனவும் தாமதத்துக்குரியனவல்ல. வாரங்கள் பல கடந்தும் நீங்காத சிக்கல், தைரொயிட் சுரப்புக் குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

7

இவ்விடயத்திற் சமூகம் காட்டும் அசிரத்தை ஆய்வுலகையும் விட்டுவைக்கவில்லை. பிரசவத்தின் பின்னரான மலச்சிக்கலைத் தடுக்கும் வழிகள் பற்றி 2020இற் புதுப்பிக்கப்பட்ட கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உலகெங்கும் தேடியும் 1208 பெண்களை உள்ளடக்கிய ஐந்து பரிசோதனைகளையே சேர்க்க முடிந்தது. தாய்க்கு அறிவூட்டுவதோ பழக்கங்களை மாற்றுவதோ பயன் தருமா என்பதை ஆராய்ந்த பரிசோதனை அவற்றுள் ஒன்றேனும் இல்லை.

தமிழ்மொழிக்கு இவ்விடயம் புதிதன்று. மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். எனவே சொற்பஞ்சத்தை நாம் காரணங்காட்ட முடியாது. பஞ்சம் இருப்பது கேட்போரிடத்திலேயே. வைத்தியசாலையில் இருக்கும்வரை தாதி ‘வெளிக்குப் போனீரா’ என்று கேட்கிறார். வீடு திரும்பியபின், பிள்ளை எத்தனைமுறை போனதென்று ஊரே கேட்கின்றது, தாயைக் கேட்பாரில்லை. முதற் பத்து நாட்களுள் வீட்டுக்கு வரும் குடும்பநல மாது அக்கேள்வியைக் கேட்கட்டும். வீட்டிலுள்ளோர், குறிப்பாகக் கணவன், கேட்கத் தயங்காதிருக்கட்டும். கேட்பதுடன் அமையாது, நீரை அவள் கைக்கெட்டவும் கீரையை அவள் கோப்பையிலும் வைத்து, காலையிற் பத்து நிமிடம் பிள்ளையை ஏந்திக்கொள்ளவும் வேண்டும். தோட்டத்து மலைச்சரிவில் மலசலகூடம் கோருவதும் இதன் தொடர்ச்சியேயாகும்.