சூடான கடலில் நின்றுபோன கப்பல்கள்

நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் திடீரென நின்றுவிடுகிறது. எதிரியின் குண்டு எதுவும் படவில்லை. பாறையில் மோதவில்லை. தொட்டியில் எரிபொருள் நிறைய இருக்கிறது. ஆனால் விளக்குகள் அணைந்துவிட்டன. ரேடார் திரை இருண்டுவிட்டது. ஏவுகணைகளை ஏவும் கருவிகள் செயலற்றுக் கிடக்கின்றன. கப்பலைச் செலுத்தும் மோட்டார்களும் ஓய்ந்துவிட்டன. சுமார் எட்டாயிரம் டன் எடையுள்ள அந்தக் கப்பல் வெறும் மிதக்கும் கட்டை ஆகிவிடுகிறது.

இது கற்பனைக் கதை அன்று, மாணவ நண்பர்களே. பிரிட்டிஷ் கடற்படையின் '45-ஆம் வகை' நாசகாரிக் கப்பல்களில் உண்மையாகவே நிகழ்ந்தது. ஒருமுறை அன்று, பலமுறை. டேரிங், டான்ட்லெஸ், டைமண்ட், டிராகன், டிஃபெண்டர், டங்கன் என்று இவ்வகைக் கப்பல்கள் மொத்தம் ஆறு. முதலாவதான டேரிங் 2009-இலும் கடைசியான டங்கன் 2013-இலும் பணியில் சேர்ந்தன. ஆறுக்கும் சேர்த்து ஆன செலவு 600 கோடி பவுண்டுக்கு மேல். வானில் வரும் விமானங்களையும் ஏவுகணைகளையும் தொலைவிலேயே கண்டு வீழ்த்தி, உடன் செல்லும் கப்பல்களைக் காப்பதுதான் இவற்றின் வேலை. காவல்காரனே மயங்கி விழுந்துவிட்டால் மற்றவர்களின் கதி என்ன?

டேரிங் 2010-இல் அட்லாண்டிக் கடலின் நடுவிலும், 2012-இல் குவைத் அருகிலும் பழுதாகி நின்றது. டான்ட்லெஸ் 2014 பிப்ரவரியில் ஒரு பயிற்சியைப் பாதியில் விட்டுத் துறைமுகம் திரும்ப நேர்ந்தது. குளிர்ந்த கடலிலும் பழுதுகள் வந்தன என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் பாரசீக வளைகுடா போன்ற சூடான கடல்களில்தான் தொல்லை மிகுந்தது. கடல்நீரின் சூட்டுக்கும் கப்பலில் மின்சாரம் போவதற்கும் என்ன தொடர்பு? உங்கள் பௌதிகப் பாடநூலில் நீங்கள் படித்தவற்றைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ள முடியும்.

முதலில் கப்பலின் அமைப்பைப் பார்ப்போம். இக்கப்பல்களில் எஞ்சின் நேரடியாக உந்து விசிறியைச் சுழற்றுவதில்லை. எஞ்சின்கள் மின்னியற்றிகளைச் சுழற்றுகின்றன. அதில் பிறக்கும் மின்சாரம் 20 மெகாவாட் மோட்டார்கள் இரண்டை ஓட்டுகிறது. அவையே உந்து விசிறிகளைச் சுழற்றுகின்றன. ரேடார், கணிப்பொறிகள், விளக்குகள், சமையலறை அடுப்பு ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. மின்சாரம் தருபவை நான்கு: ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 மெகாவாட் தரும் வாயுச் சுழலிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 2 மெகாவாட் மட்டுமே தரும் டீசல் எஞ்சின்கள் இரண்டு. இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயுச் சுழலியின் தத்துவம் எளியது. அமுக்கி என்னும் பகுதி வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்றில் எரிபொருள் எரிகிறது. சூடான வாயு சீறிப் பாய்ந்து சுழலியின் இதழ்களைச் சுழற்றுகிறது. ஆனால் சுழலி தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த அமுக்கியே விழுங்கிவிடும்! மிஞ்சுவதுதான் நமக்கு.

இன்னொரு குறையும் உண்டு. முழுச் சுமையில் நன்றாக வேலை செய்யும் சாதாரண வாயுச் சுழலி, குறைந்த சுமையில் எரிபொருளை வீணாக்கும். போர்க்கப்பலோ பெரும்பாலான நாட்களில் நிதானமாகவே செல்கிறது. கப்பலைச் செலுத்தத் தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. 30 நாட் வேகத்துக்கு 40 மெகாவாட் தேவை என்றால், பாதி வேகமான 15 நாட்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 5 மெகாவாட் போதும். யானையை வண்டியில் பூட்டி ஒரு மூட்டை நெல் ஏற்றிச் செல்வது போன்ற நிலைமை.

இதைச் சரிசெய்யவே ஒரு புதுமையான வாயுச் சுழலியை உருவாக்கினார்கள். 'டபிள்யூ.ஆர்.-21' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமும் 1990-களில் இதை உருவாக்கின. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகள் அந்நிறுவனங்களைக் குறிப்பவை. அமெரிக்கக் கடற்படையின் பணம் இதற்குச் செலவாயிற்று. ஆனால் அமெரிக்கா தன் கப்பல் எதிலும் இதைப் பொருத்தவில்லை.

இதில் இரண்டு வெப்ப மாற்றிகள் உண்டு. ஒன்றை 'இடைக் குளிர்ப்பி' என்றும் மற்றதை 'வெப்ப மீட்பி' என்றும் சொல்வோம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 15 டிகிரி செல்சியசில் உள்ள காற்றை வெப்பம் வெளியேற விடாமல் மும்மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு ஏறிவிடும். சூடான காற்றை மேலும் அமுக்குவது கடினம். தேவைப்படும் வேலை காற்றின் தனி வெப்பநிலைக்கு, அதாவது கெல்வின் அளவில் சொல்லும் வெப்பநிலைக்கு, நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே காற்றைப் பாதி அமுக்கியதும் வெளியே எடுத்துக் குளிரச் செய்து, மீதியை அடுத்த அமுக்கியில் அமுக்குகிறார்கள். ஒரு கணக்குக்காக, 120 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குக் குளிர்ப்பதாக வைத்துக்கொள்வோம். 393 கெல்வின் 308 கெல்வின் ஆகிறது. இரண்டாம் அமுக்கியின் வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்! இதைச் செய்வதுதான் இடைக் குளிர்ப்பி. அது பறிக்கும் வெப்பம் கடைசியில் கடல்நீரில் போய்ச் சேருகிறது.

வெப்ப மீட்பியின் வேலை வேறு. புகைபோக்கி வழியே வீணாகப் போகும் வெப்பத்தைப் பிடித்து, எரிவதற்கு முன்னுள்ள காற்றைச் சூடாக்குகிறது. காற்று முன்பே சூடாக இருப்பதால் எரிபொருள் குறைவாகப் போதும். இடைக் குளிர்ப்பி இருப்பதால் அமுக்கியை விட்டு வரும் காற்று அவ்வளவு சூடாக இராது. ஆகவே புகையிலிருந்து அதிக வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இந்த ஏற்பாட்டினால் சாதாரணச் சுழலியைவிட ஏறத்தாழ கால் பங்கு எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். புகை குளிர்ந்து வெளியேறுவதால், வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைகளின் கண்ணுக்குக் கப்பல் எளிதில் படாது. என்னைக் கேட்டால், வெப்ப இயக்கவியலை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய கப்பல் எஞ்சின்கள் மிகச் சில.

இனி, இந்த எஞ்சினைப் பாரசீக வளைகுடாவுக்குக் கொண்டு செல்வோம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் கோடையிலும் 20 டிகிரியை எட்டுவது அரிது. வளைகுடாவின் நீர் கோடையில் 32 டிகிரிக்கும் மேல் இருக்கும். காற்று 45 டிகிரியைத் தொடும். மூன்று தொல்லைகள் ஒரே நேரத்தில் வருகின்றன.

முதலாவது, சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 45 டிகிரிக் காற்றின் அடர்த்தி 288-க்கு 318 என்ற விகிதத்தில் குறைகிறது. ஏறத்தாழ 9 சதவீதம். அதே கன அளவை உறிஞ்சினாலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றின் நிறை குறைவு. இரண்டாவது, முதல் அமுக்கியை விட்டு வரும் காற்று 120 டிகிரிக்குப் பதில் 160 டிகிரியில் வருகிறது. ஒவ்வொரு கிலோகிராம் காற்றிலிருந்தும் நீக்கவேண்டிய வெப்பம் கூடுகிறது. மூன்றாவது, அந்த வெப்பத்தை வாங்கவேண்டிய கடல்நீரே சூடாக இருக்கிறது. நீர் எவ்வளவு சூடோ அதற்குக் கீழே காற்றைக் குளிர்விக்க எந்த வெப்ப மாற்றியாலும் முடியாது. இடைக் குளிர்ப்பி திணறினால் இரண்டாம் அமுக்கிக்குப் போகும் காற்று சூடாகவே போகும். அமுக்கி அதிக ஆற்றலை விழுங்கும். வெளியே கிடைக்கும் திறன் சரியும். மேலும், அந்த இடைக் குளிர்ப்பியின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

நம் பாடநூல் கணக்குகளில் 'சுற்றுப்புற வெப்பநிலை மாறாதது எனக் கொள்க' என்று ஒரு வரி வரும். மாணவர்கள் அதைப் படிக்காமலே தாண்டிவிடுவார்கள்.

திறன் குறைந்தால் கப்பல் சற்று மெதுவாகப் போகவேண்டியதுதானே, முழுவதும் ஏன் நிற்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டியவர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். மிகுந்த வெப்பத்தில் சுழலியின் திறன் படிப்படியாகக் குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அது படிப்படியாகத் தளராமல் ஒரேயடியாக விழுந்தது என்று கடற்படையின் தலைமைத் தளபதி நாடாளுமன்றக் குழுவிடம் விளக்கினார்.

விழுந்த பிறகு நடப்பது மின்னியல் பாடம். சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் மிதிப்பது கடினமாகிறது அல்லவா? மின்னியற்றியிடம் எவ்வளவு மின்சாரம் கேட்கிறோமோ அவ்வளவுக்கு அது எஞ்சினை எதிர்த்து இழுக்கும். பெரிய சுழலி நின்றவுடன் அது சுமந்துகொண்டிருந்த சுமை கண்ணிமைக்கும் நேரத்தில் சிறிய டீசல் எஞ்சின்களின் மேல் விழுகிறது. சப்பரம் தூக்கும்போது பலசாலியான ஆள் சொல்லாமல் தோளை விலக்கிக்கொண்டால் மீதிப் பேருக்கு என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து 4 மெகாவாட் மட்டுமே தரக்கூடிய டீசல்களின் வேகம் சரிகிறது. மின்சாரத்தின் அதிர்வெண்ணும் சரிகிறது. எஞ்சின் சிதையாமல் காக்கப் பொருத்தியுள்ள பாதுகாப்புக் கருவி உடனே தொடர்பைத் துண்டித்துவிடுகிறது. நம் வீட்டில் 'டிரிப்' ஆகிறது என்கிறோமே, அதுதான். பாதுகாப்புக் கருவி தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. எஞ்சின் பிழைத்தது; கப்பல் இருண்டது.

2016-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு இதைப் பற்றி விசாரித்தது. நாங்கள் கேட்டபடிதான் செய்து கொடுத்தோம், வளைகுடாவின் நிலைமைகள் எங்களுக்குக் கொடுத்த விவரக் குறிப்பை ஒத்திருக்கவில்லை என்பது எஞ்சின் நிறுவனத்தாரின் விடை. துருவத்தை அடுத்த குளிர்க்கடல் முதல் கடும் வெப்பமண்டலக் கடல் வரை எங்கும் செல்லவே கப்பல்கள் வடிவமைக்கப்பட்டன என்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் விடை. இரண்டும் ஒருசேர எப்படிப் பொருந்தும்? கடற்படை வளைகுடாவில் ரோந்து செல்வது 1980-களிலிருந்தே வழக்கமாக இருந்த நாடு அது. ஆகவே இந்தப் பதில்களில் எனக்கு நிறைவில்லை.

2021 ஜூலையில் நிலைமை மிக மோசமாயிற்று. டைமண்ட் மத்தியதரைக் கடலில் பழுதாகி இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்துக்குச் சென்றது. பழுது, பராமரிப்பு, மாற்று வேலை எல்லாம் சேர்ந்து ஆறு கப்பல்களில் ஒன்றே ஒன்றுதான் அப்போது கடலில் பணிசெய்யும் நிலையில் இருந்தது. டேரிங் 2017-இல் ஒதுக்கி நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் பணிக்குத் திரும்பவில்லை.

தீர்வு என்ன? 'நேப்பியர் திட்டம்' என்ற பெயரில் இரண்டு வழிகளில் வேலை நடந்தது. ஒன்று, இருக்கும் கருவிகளைத் திருத்தி நம்பகமாக்குவது. மற்றது பெரிய அறுவைச் சிகிச்சை: கப்பலின் பக்கவாட்டு இரும்புச் சுவரை வெட்டித் திறந்து, பழைய 2 மெகாவாட் டீசல்கள் இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, 3 மெகாவாட் டீசல்கள் மூன்றைப் பொருத்துவது. டான்ட்லெஸ்தான் இதற்கு முதலில் உட்பட்டது. 2020-இல் பர்க்கன்ஹெட் கப்பல் தளத்துக்குச் சென்ற அக்கப்பல், 2022-இல் கடல் சோதனைகளைத் தொடங்கி, 2023-இல் கரீபியன் கடலுக்குப் பணிக்குப் புறப்பட்டது. அதுவும் சூடான கடல்தான். கோடையில் நீர் 28 டிகிரிக்குக் குறையாது.

4 மெகாவாட் இப்போது 9 மெகாவாட் ஆகியிருக்கிறது. 15 நாட் வேகத்துக்கு 5 மெகாவாட் போதும் என்று பார்த்தோம். மீதி 4 மெகாவாட் கப்பலின் மற்றத் தேவைகளுக்கு. அதாவது சுழலிகள் இரண்டும் ஓய்ந்தாலும் கப்பல் நகரும், ரேடார் சுழலும். சரி, வேகத்தை 20 நாட்டுக்குக் கூட்டவேண்டுமானால்? மும்மடி விதியை நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 12 மெகாவாட் வரும். டீசல்களால் ஆகாது, இடைக் குளிர்ப்பியோடு கூடிய அந்தப் பழைய வாயுச் சுழலியைத்தான் அப்போதும் கிளப்பவேண்டும்.