கிசுகிசுத்தாலும் ஊர் தெரியும்

திருகோணமலைக் கடலில் புதையல் தேடும் கதை ஒன்று 1962இல் படமாக வந்தது. பெயர் 'ரன்முத்து தூவ'. முழுநீள வண்ணப் படமாக வந்த முதல் சிங்களப் படம் அதுதான். இயக்குநர் மைக் வில்சன் முக்குளிப்பதில் தேர்ந்தவர். 1956இல் அவரும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமி மலைக்குக் கீழே இறங்கி, பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான் படம் என்று சொல்லலாம். காமினி பொன்சேகா நடித்தார், அமரதேவ இசையமைத்தார். படத்தொகுப்பு டைட்டஸ் தொட்டவத்த.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர் கடைசியாகச் சொன்ன அந்த மனிதர். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் வேலையை அவர்தான் முன்னின்று செய்தார். டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்தஹித்த' ஆனார். பக்ஸ் பனி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. வசனத்தை வரிக்கு வரி பெயர்த்துக்கொடுக்கும் ஆளல்ல அவர். கதையை உள்ளூர் ஆக்கி, பகிடியையும் பாட்டையும் புதிதாகப் போட்டுத்தான் ஒளிபரப்ப விட்டார். அந்த முயல் அமெரிக்காவில் பிறந்தது என்று சொன்னால் நம்பாத சிங்கள நண்பர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆனால் திருகோணமலை உள்துறைமுக வீதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குக் கார்ட்டூன் சென்னையிலிருந்து வருகிறது. கார்ட்டூன் நெட்வொர்க்கின் தமிழ், 2007இல் வந்த சுட்டி டிவியின் தமிழ் எல்லாம் டிஷ் அன்டனா வழியாக வீட்டுக்குள் வந்து, பிள்ளைகளின் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்தக் குரல் கலைஞர்களின் திறமையில் எனக்குக் குறை கிடையாது. பூனை எலியைத் துரத்தும் கதை எந்த ஊர்த் தமிழில் நடந்தாலும் ஒன்றுதான். துப்பறியும் கதைக்கு அது போதாது, அப்படியொரு தொடரைத் திருகோணமலையிலேயே, இந்த ஊர்த் தமிழிலேயே எடுக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு துப்பறியும் கார்ட்டூனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிதாகத் தயாரிக்கும் தொடரென்றால் பெரும்பாலும் முதலில் குரல், பிறகுதான் படம். பதிவான வசனத்துக்கு ஏற்பத்தான் வாயசைவை வரைவார்கள். டப்பிங்கில் தலைகீழ். படத்தில் வாய் மூடுகிற இடத்தில் 'ம'வோ 'ப'வோ விழுகிற சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டிலும் வசனத்தைவிட மற்றச் சத்தங்கள்தான் உயிரை எடுக்கும். இருட்டில் ஓடி வந்து நின்று மூச்சு வாங்குவது, எச்சில் விழுங்குவது, அலற வந்து வாயைப் பொத்திக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் மைக்குக்கு முன்னால் அசையாமல் நின்று செய்ய வேண்டும். சட்டை உரசினால்கூட அந்த டேக் போயிற்று.

கூடவே கிசுகிசுப்பும் இருக்கிறது. கள்ளனை ஒளிந்திருந்து பார்க்கும் பிள்ளைகள் சத்தமாகவா கதைப்பார்கள்? கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. சுருதி போய்விடும், வெறும் காற்றுத்தான் மிஞ்சும். கீச்சுக்குரல் ஒருவருக்கு, கட்டைக்குரல் இன்னொருவருக்கு என்று பிரித்து ஆள் தேர்ந்ததெல்லாம் அந்த இடத்தில் வீண். மூன்று பிள்ளைகள் இருட்டில் கிசுகிசுத்தால் யார் என்ன சொன்னது என்றே விளங்காது. அப்போதும் மாறாமல் நிற்பது பேச்சின் வேகமும் இழுவையும் ஊர் வழக்கும்தான். மூதூர்க்காரன் கிசுகிசுத்தாலும் மூதூர்க்காரன்தான்.

செலவைக் குறைக்க ஒருவரையே நாலு பாத்திரத்துக்குப் பேச வைப்பது இன்னொரு கேடு. கடைக்கார மாமாவுக்குப் பேசியவரே பேய்க்கும் பேசினால், பத்து வயதுப் பிள்ளை முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆளைப் பிடித்துவிடும். பிள்ளைகளின் காது அப்படி. ஜப்பானியத் துப்பறியும் தொடரான 'கோனன்' 1996இலிருந்து ஓடுகிறது. சிறுவன் கோனனுக்கு மினாமி தகயாமா என்ற பெண் பேசுகிறார், அவன் வளர்ந்த உருவத்துக்கு கப்பெய் யமகுச்சி. குரல் மாற்றும் 'போ' டையை வைத்து அவன் பெரிய துப்பறிவாளரைப்போலப் பேசும்போது அந்தத் துப்பறிவாளருக்குப் பேசுபவரின் குரலே வரும். ஒரே ஆளுக்கு மூன்று குரல்கள், ஆனாலும் எங்கும் குழப்பமில்லை.

குரலும் பாத்திரமும் பிரிக்க முடியாமல் ஒட்டிப்போவதும் உண்டு. 1969 செப்டெம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்கூபி-டூ' என்ற துப்பறியும் கார்ட்டூனில் ஃபிரெட்டுக்குக் குரல் கொடுத்த ஃபிராங்க் வெல்கர் அரை நூற்றாண்டு தாண்டியும் அதே பாத்திரத்துக்குப் பேசினார். ஷாகிக்குப் பேசிய கேசி கேசம் வானொலி அறிவிப்பாளர். அவர் சைவம். ஷாகியை வைத்து பர்கர் விளம்பரம் செய்யப்போகிறார்கள் என்றதும் 1995இல் விலகிப்போனார். ஷாகியும் சைவமாகலாம் என்று ஒத்துக்கொண்ட பிறகு 2002இல் திரும்பி வந்தார். கோணேசர் தேருக்கு விரதம் பிடிக்கிற ஊரில் இந்தப் பிடிவாதத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வானொலிக்காரர் என்றதும் நம்முடைய ஆட்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்', 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயர் ஆளின் பெயரோடு ஒட்டிப்போனதற்குக் காரணம் வழக்குத்தான். ஒருவர் முஸ்லிம் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களவர் பேசும் தமிழ். முகம் தெரியாத வானொலியில் யார் பேசுவது என்ற குழப்பம் எந்தக் கேட்பவருக்கும் வந்ததில்லை. கிசுகிசுப்புக்கு நான் கேட்கும் மருந்து ஐம்பது வருடங்களுக்கு முன்னரே நம்மிடம் இருந்திருக்கிறது.

அந்த மருந்துக்குத் திருகோணமலையைவிடத் தோதான இடம் இல்லை. பட்டணத்துத் தமிழ் ஒன்று, கிண்ணியா மூதூர் முஸ்லிம்களின் தமிழ் இன்னொன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் தமிழ் வேறு, மீன் சந்தையில் சிங்களவர் பேசும் தமிழ் வேறு. மர்மத்துக்கும் பஞ்சமில்லை. 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் வெண்கலச் சிலைகள் 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தன. யார் புதைத்தார்கள், எந்த இரவில்? சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்று 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்தது. அதன் துருப்பிடித்த இரும்பு இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆளுக்குப் பயமில்லாமல் நடமாடுகின்றன. கதை எழுதுகிறவர் கற்பனையைக் குறைத்துக்கொண்டாலே போதும்.

குரலுக்குப் பிள்ளைகளையே பிடிப்பதா, பெரியவர்களா? பையன்களுக்குப் பெண்கள் பேசுவது உலக வழக்கம். குரல் உடையாது, வாசிக்கத் தெரியும், நேரத்துக்கு வருவார்கள். ஆனாலும் நான் பிள்ளைகள் பக்கம். 1965இல் 'சார்லி பிரவுன்' கிறிஸ்மஸ் படத்துக்கு உண்மையான பிள்ளைகளைத்தான் பேச வைத்தார்கள். சாலிக்குப் பேசிய சிறுமிக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்தார்கள். அந்தத் தட்டுத்தடுமாறலே படத்தின் அழகாகிவிட்டது. இங்கே இன்னொரு வசதியும் உண்டு. ஊர் வழக்கை ஒரு பெரியவருக்குப் பழக்கி எடுப்பதைவிட, அந்த ஊர்ப் பிள்ளையைக் கூட்டிவருவது சுலபம்.

ஒரு விடயத்தில் மட்டும் பழைய வானொலியைப் பின்பற்ற வேண்டாம். அன்றைக்கு வழக்கு என்பது பெரும்பாலும் சிரிப்புக்கு. உபாலி வாய் திறந்தாலே கேட்பவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். இன்றைக்குத் திருகோணமலையில் அந்தச் சிரிப்பு எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழாது. தொடரில் ஒரு சிங்களப் பொலிஸ்காரர் வந்தால், அவருக்குப் பேசத் தமிழ் நடிகர் ஒருவரைக் கொன்னையாகப் பேசவிடுவதற்குப் பதிலாக, சந்தையில் தமிழ் பேசிப் பழகிய கந்தளாய்க்காரர் ஒருவரையே கூப்பிடலாம். முஸ்லிம் பிள்ளை 'காக்கா' என்று கூப்பிடும்போது அது பகிடியாக அல்லாமல், தன் அண்ணனைக் கூப்பிடுகிற குரலாகவே வரவேண்டும். குரல் தேர்வில் முதல் ஒத்திகைக்கு வைக்க வேண்டிய வசனம் அதுதான்.