கிணற்று வாயுவைக் காட்டும் கருவி: கையாளுதலும் பராமரித்தலும்

கோடையில் நீர்மட்டம் தாழும்போது நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே இறக்கி வைத்து இறைக்கும் வழக்கம் கமக்காரரிடையே உண்டு. ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து பம்பியால் நீரை உறிஞ்ச இயலாமையே இதற்குக் காரணம். ஆயினும் எண்ணெயில் ஓடும் இயந்திரத்தின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இயந்திரம் நின்ற பின்பும் அது கிணற்றினுள் தங்கும். நின்றுபோன இயந்திரத்தை இயக்க இறங்கியவர் மயங்கி வீழ்வதும், அவரைத் தூக்க இறங்கியவரும் வீழ்வதும் இவ்வாறே. ஆகவே இத்தகைய இயந்திரத்தைக் கிணற்றினுள் ஒருபோதும் இயக்கலாகாது. சேறு அள்ள இறங்குவதாயினும் முதலிற் காற்றை அளந்தறிதல் வேண்டும்.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய முறை. ஒட்சிசன் மிகக் குறைந்த இடத்திற் சுடர் அணையும் என்பது மெய்யே. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருக்கும்போதும் விளக்கு அணையாது எரியும். சேற்றிலிருந்து மெதேன் வெளிப்படுமாயின் அச்சுடரே தீ விபத்துக்கு ஏதுவாகும்.

நான்கு வாயுக்களை ஒருங்கே அளக்கும் கைக்கருவி இதற்கு ஏற்றது. தூய காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். அது 19.5 வீதத்திற்குக் குறைந்தாலும், பத்து இலட்சம் பங்கு காற்றில் காபனோரொட்சைட்டு 35 பங்கை அல்லது ஐதரசன் சல்பைட்டு 10 பங்கைத் தாண்டினாலும், மெதேன் தீப்பற்றத்தக்க அளவின் பத்திலொன்றை எட்டினாலும் ஒலியெழுப்புமாறு கருவி பொதுவாக அமைக்கப்படும். அழுகிய முட்டை நாற்றத்தைக் கொண்டே ஐதரசன் சல்பைட்டை அறியலாமெனச் சிலர் கருதுவர். வாயு மிகுந்ததும் மூக்கு மணமறியாது போய்விடும்.

ஓடும் இயந்திரத்திற்கு அப்பால், திறந்த வெளியில் கருவியை இயக்குக. கெட்ட காற்றில் பூச்சியத்திற்குச் சரிப்படுத்திய கருவி அக்காற்றையே தூயதெனக் கொள்ளும். பின்னர் கயிற்றிற் கட்டி, நான்கு அடிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நிறுத்தி நிறுத்தி, நீரில் முட்டாது இறக்குக. ஒலி கேளாவிடினும் மேலே எடுத்து, பதிவான உச்ச அளவுகளையும் ஒட்சிசனின் மிகக் குறைந்த அளவையும் பார்த்தல் வேண்டும். ஒலித்தால் இறங்கலாகாது, ஊதுவிசிறியாற் காற்றைச் செலுத்தி மீண்டும் அளக்குக. இறங்குபவர் கருவியை மார்பில் அணிந்து, உடலிற் கயிறு கட்டியிருக்க, மேலே இருவர் நிற்றல் வேண்டும். அவர் மயங்கினால் கயிற்றால் இழுத்தெடுத்து, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க. பின்னால் எவரும் இறங்கற்க.

பழுதடைந்த உணரியும் பூச்சியத்தையே காட்டும், நல்ல காற்றும் பூச்சியத்தையே காட்டும். இதுவே இக்கருவியிற் பெரும் சங்கடம். சிலிக்கோன் கலந்த மெருகுப் பொருளின் ஆவி பட்டாலே மெதேன் உணரி செயலிழக்கக்கூடும். ஒட்சிசன் உணரியோ பல கருவிகளில் ஏறத்தாழ இரண்டாண்டில் தேய்ந்துவிடும். எனவே பயன்படுத்தும் நாள்தோறும், அளவு தெரிந்த சோதனை வாயுவைச் சிறிது செலுத்தி, ஒலியெழுகின்றதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. எழாவிடின் அளவுதிருத்தம் செய்யும்வரை அதனை ஒதுக்கி வைக்க. உணரியின் வாயில் ஒட்டிய சேற்றை ஈரத்துணியால் மட்டும் துடைத்தல் நன்று.

ஒருவர் தனித்து வாங்குவதற்கு இதன் விலை அதிகமே. கமக்காரர் அமைப்பின் வாயிலாக ஒன்றை வாங்கி, பற்றரிக்கு மின்னேற்றவும், சோதித்த திகதியைக் குறிப்பேட்டில் எழுதவும், சோதனை வாயுக் கலனின் காலாவதித் திகதியைக் கவனிக்கவும் ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கலாம்.