உப்புக்காற்று ஊருக்கு எந்த ரவுட்டர்?

தூத்துக்குடி வானொலிக்கென அமைக்கப்பட்ட மத்திய அலை ஒலிபரப்பி 1053 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைக்கானது. திறன் 200 கிலோவாட். அதன் அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 285 மீட்டர். கட்டடமோ பனங்காடோ அவ்வளவு நீளமான அலையைப் பெரிதாக மறிப்பதில்லை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அந்த அலை மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பை ஒட்டியே ஓடி இலங்கைக் கரையைத் தொட்டுவிடும். அதே ஊரில், வீட்டுப் பட்டாசலில் இருக்கும் வைஃபை ரவுட்டரும் ஒரு வானொலிக் கருவிதான். அதன் திறன் பெரும்பாலும் பத்தில் ஒரு வாட்டை ஒட்டி இருக்கும். அலையின் நீளம் அரைச் சாண். பாட்டு அடுப்படியைத் தாண்டுவதற்குள் “நெட் சுத்துது” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தால் ரவுட்டர் வாங்குவதில் பாதி வேலை முடிந்தது.

ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் மற்றொன்று. முன்னதன் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர். பின்னது ஆறு சென்டிமீட்டர். குட்டை அலை நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். கடற்கரையை ஒட்டிய பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்கள், புதிய வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட். இரண்டுமே 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கடினமான எதிரிகள். ஈரம் ஏறிய சுவர் இன்னும் மோசம், ஏனென்றால் நீர் இந்த அலைகளை விழுங்கும். கடலின் மேலே வானொலியைச் சுமந்து செல்லும் அதே உப்புநீருக்குள் வைஃபை சில சென்டிமீட்டர்கூடத் தாக்குப்பிடிக்காது.

சரி, இசைக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு ரசிகரை நினைத்துக்கொள்வோம். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரக் கச்சேரிகளைத் தேடித்தேடிச் சேர்த்துக் கணினியில் வைத்திருக்கிறார். கணினி மச்சு அறையில், ஸ்பீக்கர் பட்டாசலில். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு வினாடி இசை என்பது 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 1.4 மெகாபிட் மட்டுமே. ஸ்டுடியோ தரம் எனப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகூட 9.2 மெகாபிட்டைத் தாண்டாது. நூறு மெகாபிட் இணைப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு இது துளி.

அப்படியிருந்தும் தோடி ஆலாபனை நடுவே அறுகிறது. காரணம் வேகக்குறைவு அல்ல, தாமதம். இசை சிறுசிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டுக் காற்றில் போகிறது. ஸ்பீக்கருக்குள் சில வினாடிகளுக்கான இசை எப்போதும் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருக்கும். பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்பப்படும். அது வருவதற்குள் சேமிப்பு தீர்ந்தால் பாட்டு நின்றுவிடும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். நெருக்கமான தெருவில் பத்து வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. போதாததற்கு புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005இல் அரசு அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமான இடம் 2018இல் திறக்கப்பட்டது. அந்த இடத்தைப் பயன்படுத்தாத ஒற்றை அலைவரிசை ரவுட்டரை இன்று யாரும் வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

“நாலு ஆன்டெனா இருக்கு அண்ணாச்சி, வீடு முழுக்க எடுக்கும்” என்பது கடைப்பேச்சு. ஆன்டெனாக்களின் எண்ணிக்கை சுவரைக் கரைக்காது. பெட்டியின் மேல் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஏசி 1200 என்றால் 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய கணக்கு. உங்கள் கணினி ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். அதிலும் கைக்குக் கிடைப்பது பாதியை ஒட்டித்தான். நான் பார்க்கச் சொல்வது பின்பக்கத் துளைகளை. மலிவான ஏசி 1200 ரவுட்டர்கள் சிலவற்றில் கம்பித் துளைகள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடுகின்றன. ‘கிகாபிட்’ என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வைஃபை 6 வகையாக இருந்தால் நல்லது. அது ஒரே முறையில் பல கருவிகளுக்கான சிறு பொட்டலங்களைப் பகிர்ந்து அனுப்பக்கூடியது. ஸ்பீக்கரும் அந்த வகையாக இருந்தால் இசைக்கு அது மிகவும் பொருந்தும். டபிள்யூபிஏ 3 பாதுகாப்பும் நிறுவனம் தொடர்ந்து தரும் மென்பொருள் புதுப்பிப்பும் கட்டாயம்.

இனி உப்பு. இது சென்னை, பெங்களூரு வாங்குதல் வழிகாட்டிகளில் வராத பகுதி. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளைவது தூத்துக்குடி உப்பளங்களில். துறைமுகச் சாலையில் வெள்ளைக் குவியல்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்று நுண்ணிய உப்புத்துகள்களைச் சுமந்து வந்து வீட்டுக்குள் படியவைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கரையோர இரவுகளில் அந்த அளவு எட்டுவது சாதாரணம். விடியும்போது உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். பகலில் காய்ந்து மறுபடி இரவில் நனையும்.

ரவுட்டரின் கம்பித் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் எட்டு மெல்லிய ஊசிகள் தெரியும். தங்கப்பூச்சு மிக மெல்லியது. கம்பியைச் செருகி உருவும்போது தேயும். தேய்ந்த இடத்தில் உப்புநீர் உள்ளிருக்கும் செம்பைத் தொட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். கிகாபிட் வேகத்துக்கு எட்டு ஊசிகளும் வேலை செய்ய வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஆகவே அந்த நான்கில் சேராத ஒரு ஊசி களிம்பேறினால் இணைப்பு அறுந்துவிடாது. சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் இணைய நிறுவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். வேகம் சரியாக நூறுக்குக் கீழே, 94, 95 என்று நின்றால் முதலில் துளையையும் கம்பியின் முனையையும் பாருங்கள். முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் பெரும்பாலும் தீரும்.

கடலைப் பார்த்த ஜன்னலோரம் ரவுட்டருக்கு ஆகவே ஆகாது. பயன்படாத துளைகளில் ரப்பர் மூடி செருகிவிடலாம். மூடிய அலமாரிக்குள் வைத்துக் காப்பாற்ற நினைக்கவும் வேண்டாம். இரும்பு பீரோவின் பக்கத்தில் வைத்தால் அலை திரும்பிப் போகும், மர அலமாரிக்குள் வைத்தால் சூடு தேங்கும். நடு அறையில், ஆள் உயரத்துக்கு மேல், சுற்றிலும் காற்றோட்டம் இருக்கும்படி ஒரு பலகை போதும். நிமிர்த்திவைத்த ஆன்டெனாவிலிருந்து அலை மெதுவடை வடிவில் பக்கவாட்டில் பரவும். நுனிக்கு நேர் மேலே வலு குறைவு. மச்சுக்கும் எடுக்க வேண்டுமானால் ஆன்டெனாக்களில் ஒன்றைக் கிடையாகச் சாய்த்துப் பார்க்கலாம்.

ஃபைபர் கம்பி பெரும்பாலும் வாசல் பக்கம் வந்து முடிகிறது, கேபிள்காரர் அங்கேயே பெட்டியை அறைந்துவிட்டுப் போகிறார். நீண்ட வீடாக இருந்தால் அங்கிருந்து நடு அறைக்கு ஒரு கேட் 6 கம்பி இழுத்து ரவுட்டரை அங்கே வையுங்கள். கேபிள்காரர் தந்த பெட்டியே ரவுட்டராகவும் இருந்தால், புதியதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனி வலையமைப்புகள் உருவாகி, கணினியில் இருக்கும் பாட்டை ஸ்பீக்கர் கண்டுபிடிக்காமல் போகலாம். சுவரில் செருகும் ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும், தாமதம் கூடும். மெஷ் வகை வாங்குவதாயிருந்தாலும் அலகுகளைக் கம்பியால் இணைத்தால்தான் கனத்த சுவர் வீட்டில் முழுப் பயன்.

மேசைக் கணினி நகராத பொருள். அதற்கு எப்போதும் கம்பிதான். கணினி காற்றைவிட்டு இறங்கினால் அந்த இடம் முழுக்க ஸ்பீக்கருக்கும் கைப்பேசிக்கும் கிடைக்கும். புதிய ரவுட்டர் தராத நிம்மதியைப் பல வீடுகளில் பத்து மீட்டர் கம்பி தந்துவிடும்.

மின்தடைக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குகிறவர்கள் ஃபைபர் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்; அதற்கும் மின்சாரம் வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இருக்கிற ரவுட்டரை வாசலிலிருந்து வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், கணினியைக் கம்பியில் இணையுங்கள், ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் பாட்டுக் கேளுங்கள். அறுபடாமல் ஓடினால் உங்களுக்குப் புதிய ரவுட்டர் தேவையில்லை.