தீவனம் ஒன்று, எடை வேறு ஏன்?

இறைச்சிக்கோழிக் குஞ்சையும், முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சையும் ஒரே கொட்டகையில் விட்டு ஒரே தீவனம் போட்டாலும், 6 வாரத்தில் முன்னது 2 கிலோவைத் தாண்டும்; பின்னது அரை கிலோ அளவிலேயே நிற்கும். நாட்டுக்கோழி ஒரு கிலோவை எட்டச் சில மாதங்கள் ஆகும். இறைச்சிக்கோழி அதிகம் தின்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் தசைக்குள் உள்ளது.

ஆக்கமும் சிதைவும்

தீவனத்திலுள்ள அமினோ அமிலங்களைக் கொண்டு தசையில் நாள்தோறும் புதிய புரதம் உண்டாகிறது. அதே வேளையில் பழைய புரதம் சிதைக்கப்படுகிறது. கால்பெயின், கெதெப்சின் ஆகிய நொதிகளும், புரோட்டியசோம் என்ற நொதித் தொகுப்பும் இவ்வேலையைச் செய்கின்றன. பழுதான புரதம் நீங்க இது தேவையே. ஆனால் மடை வழியே பாயும் நீரில், நண்டு வளை வழியே கசிந்தது போக மீதிதானே வயலில் நிற்கும்? அதுபோல, உண்டானதில் சிதைந்தது போக எஞ்சுவதே வளர்ச்சியாகும்.

இறைச்சிக்கோழிக் குஞ்சின் தசையில் இச்சிதைவு, முட்டை இனக் குஞ்சைவிடக் குறைந்த வேகத்தில் நடப்பது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. பல தலைமுறைகளாக எடைக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கியதன் பலன் இது. எனவே, மலிவாகக் கிடைக்கிறதென்று முட்டை இனச் சேவல் குஞ்சுகளை வாங்கி, விலை உயர்ந்த இறைச்சிக்கோழித் தீவனம் போட்டால் நட்டமே மிஞ்சும்.

செய்ய வேண்டியவை

பட்டினி கிடக்கும் குஞ்சில் இந்நொதிகளின் வேலை கூடுகிறது. உடல் தன் தசையையே கரைத்து உயிர் காக்கிறது. நெருக்கடி, வெப்பம், நோய் ஆகியவற்றாலும் சிதைவு மிகும். இதைத் தடுப்பது வளர்ப்போர் கையில் உள்ளது.

* குஞ்சுகள் வந்தவுடன் தண்ணீரும் தீவனமும் தரவேண்டும்.

* ஆழ்கூள முறையில் இறைச்சிக்கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் தேவை.

* இறைச்சிக்கோழியின் ஆரம்பத் தீவனத்தில் 22 சதவீதமும், இறுதித் தீவனத்தில் 20 சதவீதமும் புரதம் இருக்கவேண்டும்.

* கடலைப் பிண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் குறைவு. அதை மட்டும் நம்பாமல், சோயாப் பிண்ணாக்கோ மீன் தூளோ சேர்ப்பது நல்லது.

* புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு, தவிடு, நொய்யுடன் கரையானும் கொடுத்தால் புரதக் குறை நீங்கும்.

வாரம் ஒருமுறை சில கோழிகளை எடை போட்டுக் குறித்து வந்தால், வளர்ச்சி தடைப்படுவதை உடனே கண்டுகொள்ளலாம்.