இரட்டைக் குட்டி ரகசியம்

சுந்தரவனச் சதுப்பில் மேயும் ஒரு குள்ள ஆடு, தக்காண இடையர்களின் வருமானக் கணக்கை மாற்றியிருக்கிறது.

தீபாவளி முடிந்ததும் புனே, சதாரா மாவட்டங்களின் வறண்ட மேடுகளிலிருந்து தங்கர் சமூகத்து இடையர்கள் மந்தையோடு புறப்படுகிறார்கள். குதிரை முதுகில் தட்டுமுட்டுச் சாமான்கள், கூடவே நடக்க முடியாத குட்டிகள். மலை இறங்கிக் கொங்கணம் வரை நடை. வழியில் அறுவடையான வயல்களில் கிடை போட்டால் விவசாயி தானியமோ பணமோ தருவார். ராமநாதபுரத்துக் கீதாரிகளைப் பார்த்தவர்களுக்குப் பழகிய வாழ்க்கைதான்.

இவர்கள் ஓட்டிச் செல்வது தக்காணி செம்மறி. கறுப்பு நிறம், முரட்டு ரோமம். நாளெல்லாம் நடக்கும், காய்ந்த புல்லிலும் பிழைக்கும். ஒரு காலத்தில் அதன் ரோமத்தில் நெய்த 'கோங்கடி' கம்பளிக்கு நல்ல கிராக்கி. இப்போது வருமானம் கறிக்கு விற்கும் குட்டிகளில்தான். ஆனால், தக்காணி பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். மேய்ச்சல் நிலமோ சுருங்கிக்கொண்டே போகிறது. ஆடுகளைக் கூட்டாமல் குட்டிகளைக் கூட்ட முடியுமா?

புனேயிலிருந்து சுமார் 110 கி.மீ. தொலைவில் பல்டணில் இருக்கிறது நிம்கர் விவசாய ஆராய்ச்சி நிலையம். 1968இல் பி.வி. நிம்கர் தொடங்கியது. விடை தேடி இது நாடியது மேல்நாட்டை அல்ல, வங்காளத்தை. பிரிட்டிஷார் காலத்திலிருந்தே சீமைக் கிடாக்களுக்கு இங்கே தனி மவுசு. பிரிட்டனின் சவுத்டவுன், செவியட் இனங்களின் ரத்தம் நீலகிரி செம்மறியில் கலந்தது அப்படித்தான். சுந்தரவனத்து கரோல் ஆட்டை யாரும் பொருட்படுத்தியதில்லை. எடை 10 முதல் 15 கிலோதான். ஆனால் இரண்டு குட்டி போடுவது அதற்குச் சர்வ சாதாரணம்.

அதன் பெருமையை முதலில் உணர்த்தியது ஆஸ்திரேலியா. 1790களில் கல்கத்தாவிலிருந்து அங்கே கப்பலேறிய வங்காள ஆடுகளின் வாரிசுகள் மெரினோவுடன் கலந்தன. பின்னாளில் 'பூரூலா' என்ற பண்ணையின் மெரினோக்கள் இரண்டு, மூன்று குட்டிகள் போட்டு விஞ்ஞானிகளை வியக்க வைத்தன. ஒரே மரபணுதான் காரணம் என்று 1980களில் தெரிந்தது. அதிலுள்ள மாற்றம் 2001இல் அடையாளம் காணப்பட்டது. கரோலிடமும் அதே மாற்றம் இருப்பது 2002இல் உறுதியானது.

பல்டணுக்கு வேண்டியிருந்தது கரோலின் மரபணு மட்டுமே, அதன் குள்ள உடல் அல்ல. எனவே கலப்புக் குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக மீண்டும் தக்காணியுடன் சேர்த்தார்கள். உடல்வாகுக்காகக் கர்நாடகத்தின் பன்னூர், மேற்காசியாவின் அவாசி இனங்களும் கலந்தன. ஆனால் எந்தக் குட்டியிடம் மரபணு இருக்கிறது என்று பார்வையில் தெரியாது. கிடா குட்டி போடப்போவதும் இல்லை. இங்கேதான் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் கைகொடுத்தது. ரத்தத்தைச் சோதித்து மரபணு உள்ள குட்டிகளைப் பிரித்துச் சொன்னது. 1998 முதல் ஆஸ்திரேலிய அரசின் சர்வதேச விவசாய ஆராய்ச்சி மையமும் உதவியது. இப்படிப் பிறந்ததுதான் 'நாரி சுவர்ணா'.

மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே போதும். நூறு ஈற்றுக்குச் சுமார் நூறு குட்டிகள் என்றிருந்தது, ஏறக்குறைய 140 ஆகிறது.

ஆனால் இரட்டைக் குட்டிகள் எடை குறைந்து பிறக்கும். தாய்க்குத் தீனி போதாவிட்டால் பால் போதாது, ஒன்று இறந்துவிடும். நடந்துகொண்டே இருக்கும் மந்தையில் இரண்டு குட்டிகளைக் காப்பாற்றுவது இரட்டிப்பு வேலை. சினை ஆட்டுக்குக் கூடுதல் தீனியும் குட்டிகளுக்கு வைத்தியமும் கிடைத்தால்தான் மரபணு பணமாகும்.

பல்டண் சொல்லும் பாடம் இன்னொன்று. தன் மண்ணுக்கு வெளியே யாரும் சீந்தாத குள்ள ஆட்டிடம் இத்தனை பெரிய சொத்து இருந்தது. தமிழ்நாட்டின் மேச்சேரியிலும் கீழக்கரிசலிலும் வேம்பூர் ஆட்டிலும் என்ன இருக்கிறது என்று அறிவதற்குள் அவை அழிந்துவிடக் கூடாது.