பந்தலூரில் புதைந்த பவுண்டுகள்

கூடலூரிலிருந்து தேவாலா வழியாகப் பந்தலூர் போகும் சாலையில் இருபுறமும் தேயிலைதான். தமிழ்நாட்டில் அதிக மழை கொட்டும் ஊர்களில் தேவாலாவும் ஒன்று. ஆனால் 1880 வாக்கில் லண்டன் பங்குச் சந்தையில் இந்த வட்டாரத்தின் பெயர் அடிபட்டது மழைக்காக அல்ல, தங்கத்துக்காக.

ஓடை மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் இங்கே வெள்ளைக்காரர் வருமுன்பே இருந்தது. பொன் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்கள் பாறைக்குள் ஓடும் படிகக்கல் படிவங்களைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித்தை, 1879-இல் இந்திய அரசு ஆய்வுக்கு அழைத்தது. அடுத்த ஆண்டு வந்த அவரது அறிக்கை நம்பிக்கை தரும்படி இருந்தது. அவ்வளவுதான், லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பல லட்சம் பவுண்டு மூலதனம் திரட்ட விளம்பர அறிக்கைகள் பறந்தன.

இரண்டு, மூன்று ஆண்டுகளில் எல்லாம் முடிந்துபோனது.

1908-இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி மாவட்ட கெஜட்டியரில் இந்தக் கதை இருக்கிறது. இன்றைய முதலீட்டாளர் அதைப் படித்தால், எங்கோ கேட்ட கதையாயிற்றே என்று தோன்றும். அப்போது இந்த வட்டாரமும் சேர்ந்த வயநாட்டில் காப்பி நொடிந்துகொண்டிருந்தது. இலைநோயும் தண்டுத் துளைப்பானும் தோட்டங்களை அரித்தன. விலைபோகாத அந்தத் தோட்டங்கள் தங்க நிலம் என்ற பெயரில் கம்பெனிகளின் தலையில் கட்டப்பட்டன. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போகவே இல்லை. நிலம் விற்றவர்கள் பைக்குப் போனது. இந்தத் தங்க வேட்டையில் நிச்சயமாகச் சம்பாதித்தவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு கோளாறு, சோதனைக்கு எடுத்த மாதிரியில். பொறுக்கியெடுத்த கல்லைச் சோதித்தால் பொன் மின்னும். அந்தக் கணக்கை மலை முழுவதற்கும் பெருக்கினால் காகிதத்தில் லாபம் குவியும். டன் டன்னாக வெட்டி, ஆலையில் இடித்துப் பார்த்தபோது கிடைத்தது கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. பாடுபட்டு மலையேற்றிய இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன.

அதற்காக, தங்கம் என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. அதே அலையில் 1880-இல் தொடங்கியதுதான் கோலாரின் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி. அதன் கையிருப்பும் கரைந்து, மூடும் நிலைக்கு வந்தது. மிச்சப் பணத்தில் ஆழமாகத் தோண்டியபோது சாம்பியன் என்ற தங்கப் படிவம் அகப்பட்டது. கோலாரில் 2001 வரை தங்கம் வெட்டினார்கள். பந்தலூர்க் கம்பெனியின் விளம்பரத்தையும் கோலார்க் கம்பெனியின் விளம்பரத்தையும் அன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்கு எது தேறும் என்று தெரிந்திருக்க வழியில்லை. தரையின் அடியில் இருப்பதை எந்தக் காகிதமும் சொல்லவில்லை. நிலத்தை விற்பவர் யார், திரட்டும் பணத்தில் அவருக்குப் போவது எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இன்று அந்தக் கேள்விக்கு ஓரளவு சட்டமே பதில் வாங்கித் தருகிறது. ஒரு பங்கைப் பரிந்துரைக்கும் ஆய்வாளர் தனக்கு அதில் உள்ள பண நலனை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2014-ஆம் ஆண்டு விதி. அந்த விவரம் பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அடுத்த முறை அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.